தோற்றவர் லெட்டர் எழுத வேண்டும்

மதியம் மூன்று மணி. ஏ ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, வல்லத்தில் எங்கள் லைன் வீட்டுக் கதவைத் திறக்கிறேன். உள்ளே ஆளில்லை. ஆனால் ஆள் இருந்த சூடு இருக்கிறது. தாளித்த கடுகின் வாசனை, கொடியில் சொட்டும் துண்டு, சிங்க்கில் கவிழ்த்து வைத்த ஒரே ஒரு தட்டு. கேஸ் சிலிண்டருக்கும் பீரோவுக்கும் நடுவில் செருகி வைத்திருக்கும் கம்ப்யூட்டர் மட்டும் தன் விசிறியை ஓட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறது.

கீபோர்டுக்கு அடியில் ஒரு காகிதம். என் மனைவி ஸ்டெல்லாவின் எழுத்து, எப்போதும்போல பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி வலப்பக்கம் சாய்ந்து.

"உன் டர்ன். சோறு ஹாட்பாக்ஸ்ல கீது. அவசரப்பட்டு பாலத்துல கால வெக்காத. வெச்சா நான் பொறுப்பில்ல."

திரையில் பச்சையும் பழுப்புமாக ஒரு வரைபடம். ஒரு ஆறு, ஒரு பாலம், நாலு வீடு, ஒரு சாலை, அதை ஒட்டி ஒரு மேடு. இந்தப் பக்கம் என் சிப்பாய்கள். அந்தப் பக்கம் எங்கேயோ அவளுடைய சிப்பாய்கள். ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்று அந்தக் காகிதத்தை நாலு முறை படித்தேன்.

நாலு முறை படித்தது பாலத்துக்காக இல்லை. அந்த ஆட்டத்தில் தோற்றால் நான் ஒரு லெட்டர் எழுத வேண்டும்.

ஒரு வாசகியின் கேள்வி

இரண்டு வாரத்துக்கு முன்னால் இந்தத் தொடரில், எங்கள் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் கம்ப்யூட்டரில் போர் செய்வோம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "நானும் அந்த மாதிரி ஒரு ஆட்டத்தைத் திறந்தேன். பொத்தான்களையும் எண்களையும் பார்த்து மிரண்டு மூடிவிட்டேன். ஒன்பதாவதோடு நின்ற நீங்கள் எப்படிக் கற்றீர்கள்?"

நியாயமான மிரட்சி. நான் எதைப் பார்த்தும் மிரளுகிறவன். லிப்ட் கதவு மூடுவதற்குள் நுழைந்துவிடலாமா என்று யோசித்து யோசித்தே மூன்று மாடி ஏறியிருக்கிறேன். கேஸை மூடிவிட்டதைப் போனில் படம் எடுத்துக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்புவேன். பஸ்ஸில் பாதி வழியில், அது நேற்று எடுத்த படமோ என்று ஒரு சந்தேகம் வரும்.

அப்படிப்பட்டவனுக்கே வந்துவிட்டது என்றால் உங்களுக்கு வராமல் போகாது. அதனால் இந்த வாரம் அந்தக் கதை.

ஏ வந்தால் பி போகும்

ஸ்டெல்லா இந்தப் பக்கத்துக்காரி. சேரப்பணஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவள். நான் தென்காசிப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவன். அவள் இருங்காட்டுக்கோட்டை அருகே ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சர்க்யூட் போர்டு சோதிக்கிறாள். நான் ஒரகடத்தில் கார் கதவுக்கு ரப்பர் பீடிங் பொருத்துகிறேன். இருவருக்கும் இரண்டு ஷிப்ட்தான். ஏ என்றால் காலை ஆறு முதல் மதியம் இரண்டு. பி என்றால் இரண்டு முதல் பத்து. வாரா வாரம் மாறும்.

கல்யாணமான பிறகுதான் கவனித்தோம், எங்கள் பேட்ச் இரண்டும் நேர் எதிர். நான் ஏ என்றால் அவள் பி. மறுவாரம் நான் பி, அவள் ஏ. நான் வரும்போது அவள் போயிருப்பாள். அவள் வரும்போது நான் தூங்கியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறது. அதிலும் பாதி வாரம் யாராவது ஒருவருக்கு ஓ.டி. என்று கூடுதல் வேலை வந்துவிடும். போனில் பேசலாமே என்பீர்கள். இரண்டு கம்பெனியிலும் போனை வாசலிலேயே வாங்கி லாக்கரில் போட்டுவிடுவார்கள்.

ஆக, பதினாலு மாதக் குடித்தனம் காகிதத்தில் நடந்தது. ஷிப்ட் மாறும்போது அடுத்து வருகிறவனுக்கு எழுதி வைப்போமே ஹேண்ட்ஓவர் ஷீட், அதே மாதிரி. "பால் காய்ச்சியாச்சு." "மோட்டார் ஓடல, ஓனர்கிட்ட சொல்லு." "அம்மாவுக்கு முட்டி வலி, போன் பண்ணு."

போகப் போகக் காகிதம் சுருங்கியது. ஒரு நாள் வெறுமே "சாப்பிடு" என்று இருந்தது. மறுநாள் நான் "சரி" என்று எழுதிவிட்டுப் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அந்த "சரி" எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. இன்னும் ஒரு வருஷம் இப்படியே போனால் என்ன எழுதுவோம்?

யாராவது ஒருவர் பேட்ச் மாறினால் போதும். அதற்கு யாராவது ஒருவர் வாயைத் திறந்து கேட்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

பெரிய போர்க்களமும் சங்கரா மீன் குழம்பும்

ஸ்டெல்லாவின் அண்ணன் ஆல்பர்ட், அதாவது என் மச்சான், ஓசூருக்கு வேலை மாறிப் போகும்போது தன் பழைய கம்ப்யூட்டரை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதற்குள் இருந்தது அந்தப் போர் விளையாட்டு.

ஓடி ஓடிச் சுடுகிற ஆட்டம் இல்லை. தேனடை மாதிரி ஆறு மூலைக் கட்டம் போட்ட வரைபடம். ஒரு முறை நீங்கள் உங்கள் ஆட்களை நகர்த்த வேண்டும். முடித்ததும் எதிராளியின் முறை. நடுவில் டீ குடித்துவிட்டு வரலாம், தூங்கிவிட்டும் வரலாம். அண்ணனுக்கு எதிர்ப்பக்கம் ஆட ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூட நாளிலேயே பிடித்து உட்கார வைக்கப்பட்டதால் ஸ்டெல்லா அதில் கில்லாடி.

ஓ.டி. இல்லாத ஒரு ஞாயிறு. அடுப்பில் சங்கரா மீன் குழம்பு. நான் ஆட்டத்தைத் திறந்து, எதையும் விட்டுவிடக் கூடாதே என்று இருப்பதிலேயே பெரிய போர்க்களமாகப் பார்த்து எடுத்து உட்கார்ந்திருந்தேன். எந்தக் குழுவைத் தொட்டாலும் ஓரத்தில் இருபது எண்கள் வந்தன. நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். ஒரு மணி நேரத்தில் ஆறு பக்கம் எழுதினேன். ஒருவனையும் நகர்த்தவில்லை.

ஸ்டெல்லா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாப்பா பண்ற?"

"படிக்கேன்."

"இன்னாத்த?"

"எல்லாத்தையும். தெரியாமத் தொட்டு ஏதாவது ஆயிப்போச்சின்னா?"

"இன்னா ஆயிடும்? பொம்ம சாவும். திருப்பித் தொறந்தா எழுந்து நிக்கும். போர்ல செத்தவன் எழுந்து நிக்கறது இங்க மட்டுந்தான், அதுக்கும் பயந்தா எப்டி?"

"உனக்குத் தெரியும், சொல்லுத. எனக்கு இங்கிலீஷும் அரைகுறை."

"உன் மெஷின்ல இன்னா தமிழ்லயா எழுதிகீது? ஸ்டார்ட்டு, ஸ்டாப்பு, ரீசெட்டு. இங்க மூவ், ஃபயர், எண்ட் டர்ன். அத்தோட இதுல பட்டன் கம்மி." கரண்டியை என் நோட்டின் மேலேயே வைத்தாள். "உங்க கம்பெனில புதுசா ஒருத்தன் வந்தா மொத நாளே மொத்த லைனையும் குடுத்துடுவாங்களா?"

"எப்படிக் குடுப்பாவ? ஒரு ஸ்டேஷன்தான்."

"அப்ப நகரு."

பெரிய போர்க்களத்தை மூடினாள். இருப்பதிலேயே சின்னதைத் திறந்தாள். ஆளுக்கு நாலு காலாட்குழு, ஒரு பாலம், அவ்வளவுதான். டேங்க் இல்லை, பீரங்கி இல்லை. பிறகு கையில் மாஸ்கிங் டேப்போடு வந்து, திரையின் ஓரத்தில் எண்கள் வரும் இடத்தில் கிழித்துக் கிழித்து ஒட்டினாள். இருபதில் பதினெட்டு மறைந்துபோயின. மீதி இரண்டு: இந்தக் குழு எவ்வளவு தூரம் நடக்கும், எவ்வளவு தூரம் சுடும்.

"இந்த ரெண்டு போதும். மிச்சத்த நான் சொல்றப்ப பிரி."

வாசகிக்கு முதலில் சொல்ல நினைப்பது அந்த டேப்பைத்தான். அதற்கு முன் ஆறு பக்கம் எழுதியும் ஏறாதது, அன்று குழம்பு இறக்குவதற்குள் ஏறிவிட்டது.

வீட்டுக்குள் உட்காரும் படை

எதிரியை மறைக்கிற மூட்டம் ஒன்று ஆட்டத்தில் உண்டு. நம் ஆள் கண்ணுக்குத் தெரியாத எதிரி திரையிலும் தெரியமாட்டான். அதை அவள் முதல் இரண்டு வாரம் அணைத்தே வைத்தாள். "எங்கேருந்து அடி வருதுன்னு கண்ல தெரியட்டும். அப்புறமா கண்ண கட்டலாம்."

தாக்கவும் விடவில்லை. நாலு குழுவையும் நாலு வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் ஓட்டும் எதிரி வரட்டும் என்று காத்திருக்கச் சொன்னாள். இது எனக்கென்றே செய்த வேலை. இந்தச் சந்து வழியாக வந்தால்? அந்த மரத்துக்குப் பின்னால் ஒளிந்தால்? நாள் முழுக்க இப்படி நினைத்துக்கொண்டிருப்பதற்கு ஊரில் எனக்குப் பேர் கோட்டி, அதாவது பைத்தியம். ஆட்டத்தில் அதற்குப் பேர் தற்காப்பு. நாலாவது நாள் கம்ப்யூட்டரை ஜெயித்தேன். காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் அதன் கீழேயே பதில்: "கம்ப்யூட்டர் பாவம். ஈஸில வெச்சிருந்தேன்."

இன்னொன்றும் சொன்னாள். முறை தொடங்கும் முன் ஆட்டத்தைச் சேமித்துவிடு, பிறகு வேண்டுமென்றே ஒரு முட்டாள்தனம் செய்து பார். நடுச்சாலையில் ஒருவனை ஓட விடு. என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு, சேமித்ததைத் திறந்துகொள். நான் ஒரே சாயங்காலத்தில் அதே குழுவைப் பதினாறு விதமாகச் சாகடித்தேன். அதற்குப் பிறகு அந்தச் சாலையைப் பார்த்தால் பயம் வரவில்லை. எங்கே நடக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது.

எது எதை மறைக்கும் என்பதை மட்டும் நான் பஸ்ஸில் கற்றேன். நாற்பது நிமிஷப் பயணம், எப்போதும் ஜன்னல் சீட். ஏரிக்கரைக்குப் பின்னால் இருக்கிறவன் ரோட்டில் போகிறவனுக்குத் தெரியமாட்டான். கரை மேல் ஏறி நின்றால் ஊருக்கே தெரிவான். கன்டெய்னர் லாரி நிற்கும்போது டீக்கடை காணாமல் போகிறது. லாரி நகர்ந்தால் வடை தட்டோடு திரும்ப வருகிறது. ஒரு நாள் மேம்பாலத்தில் ஏறும்போது, "இங்க ஒரு துப்பாக்கி வச்சா மொத்த ரோடும் நமக்குத்தான்" என்று என்னை அறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்காரர் மறுநாளிலிருந்து முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

பந்தயம்

எனக்கு ஓரளவு வந்துவிட்டது என்று தெரிந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா பேச்சை எடுத்தாள்.

"யாராச்சும் ஒருத்தர் பேட்ச் மாத்திக் கேக்கணும். நீ கேக்கறியா, நான் கேக்கவா?"

"நீ கேளேன்."

"ஏன், உனக்கு வாய் இல்லியா?"

"வாய் இருக்குட்டி. லெட்டர் கேப்பாவ."

"எழுது."

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு சிங்க்குக்குப் போனேன். அவள் கம்ப்யூட்டரை ஆன் செய்தாள்.

"சரி, ஆடிடலாம். நீயும் நானும். மூட்டம் போட்டு, இருவது டர்ன். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டர்ன். கடைசில பாலம் யார் கைல இருக்கோ அவங்க ஜெயிச்சாங்க. தோத்தவங்க போய் அவங்கவங்க சூப்பர்வைசர்கிட்ட லெட்டர் குடுக்கணும்."

"நீ ஜெயிச்சிருவ. இது நியாயமே இல்ல."

"உனக்கு ரெண்டு குழு எக்ஸ்ட்ரா. அழுவாத."

லெட்டர் என்றால் எனக்கு ஏன் இப்படி என்று சொல்ல வேண்டும். ஒன்பதாவதில் கணக்கு வாத்தியார் மறுநாள் என்னை எழுப்பிக் கேள்வி கேட்கப்போவதாகச் சொன்னார். பயத்தில் மூன்று நாள் போகவில்லை. திரும்பிப் போக வேண்டுமென்றால் லீவ் லெட்டர் வேண்டும். காரணம் என்ன எழுதுவது என்று யோசிப்பதற்குள் ஒரு வாரமாகிவிட்டது. ஒரு வாரத்துக்குக் காரணம் யோசிப்பதற்குள் ஒரு மாதம். கடைசியில் அரை வருஷத்துக்கு ஒரே லெட்டர் எழுத வேண்டிய நிலைமை வந்தது. நின்றுவிட்டேன். வறுமையால் நின்றேன் என்று சொன்னால் மரியாதையாக இருக்கும். இத்தனை நாள் அப்படித்தான் சொல்லியும் வந்தேன்.

இப்போது எங்கள் சூப்பர்வைசர் லோகநாதன் சார். கண்ணாடிக் கேபின், சிவப்புப் பேனா. "காரணம்?" என்று அவர் கேட்டு, "பெண்டாட்டியைப் பார்க்கணும் சார்" என்று நான் சொன்னால் லைன் முழுக்க ஒரு மாதம் அதைச் சொல்லியே சிரிப்பார்கள். அதைவிடப் போர் மேல்.

கை சும்மா இருக்கக் கூடாது

ஆட்டம் ஆரம்பித்தது. அவரவர் பக்கத்தைப் பூட்ட ஆளுக்கு ஒரு ரகசியச் சொல். மறந்துவிடுவேனோ என்று என்னுடையதை அரிசி டப்பா மூடியின் உட்பக்கம் எழுதி வைத்தேன். அந்த வாரம் சோறு வைப்பது யார் என்பதை யோசிக்கவில்லை. மறுநாள் காகிதத்தில்: "மூடில எழுதனத அழிச்சிட்டேன். படிக்கல. படிச்சேன், ஆனா யூஸ் பண்ணல."

மூன்றாவது முறையில் பாலத்தருகே கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து சுட்டு என் குழு ஒன்றைத் தூக்கிவிட்டாள். அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஹாட்பாக்ஸைத் திறக்காமல் அப்படியே வைத்துவிட்டு, "பயமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்த தப்பு, எங்களைப் போல லைனில் நிற்கிறவன் மட்டும்தான் செய்வான்.

லைனில் கை சும்மா இருக்கக் கூடாது. அடுத்த கதவு வருவதற்குள் என் வேலை முடிந்துவிட்டால், பனியன் வேஸ்ட் துணியை எடுத்து ஏற்கெனவே துடைத்த மேஜையை மறுபடி துடைப்பேன். நிற்கிற ஆள் என்றால் உபரி ஆள். கேபினிலிருந்து பார்க்கிறவருக்கு அவனைத்தான் முதலில் தெரியும். ஆறு வருஷப் பழக்கம் இது.

அதே பழக்கத்தில் நான் ஒவ்வொரு முறையும் எல்லாக் குழுவையும் நகர்த்தினேன். நல்ல வீடாகப் பார்த்து உட்கார்ந்தவனையும் மறுநாள் கிளப்பினேன். மரத்தடியிலிருந்து சாலையைத் தாண்டி ஆற்றங்கரைக்கு, அங்கிருந்து சாலையைத் தாண்டி மரத்தடிக்கு. ஒருவனை விட்டுவிட்டு 'எண்ட் டர்ன்' அழுத்தினால் ஏதோ பாவம் செய்த மாதிரி இருந்தது.

என் ஆட்கள் அலைவது ஸ்டெல்லாவின் ஆட்கள் கண்ணில் பட்டு, அவளுக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டாவது முறை காகிதம்: "உன் ஆளுங்க ஏன் இப்டி அலையறாங்க? திருவிழாவா? நின்னா இன்னா? நின்னா சம்பளம் புடிச்சிடுவாங்களா?"

நான் கீழே எழுதினேன்: "சும்மா நிற்கிறவனைப் பார்த்தால் எனக்குப் படபடப்பு."

அவள் அதற்குக் கீழே: "நிக்கறவன் பாத்துகினு கீறான். பாக்கறதும் வேலதான்."

புரியவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். காகிதம் முன்பைப்போல "சாப்பிடு", "சரி" என்று இல்லை. இரண்டு பக்கமும் நிரம்பி, ஓரத்திலும் எழுதி, அம்மாவின் முட்டி வலியும் மோட்டார் ரிப்பேரும் என் சிப்பாய்களுக்கு வைத்த பட்டப்பேர்களும் கலந்து கிடந்தன. ஷிப்ட் முடியும் சைரன் அடித்தால் நான் பஸ்ஸுக்கு ஓட ஆரம்பித்திருந்தேன்.

இருபதாவது முறை. என் இரண்டு குழு பாலத்தின் மேல். அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது ஒரு வியாழக்கிழமை. கீபோர்டுக்கு அடியில்: "ஜெயிச்சிட்ட. கங்கிராட்ஸ். திங்கக்கிழமை எங்க சார்கிட்ட நான் கேக்கறேன். புளிசாதம் கீது."

மேட்டிலிருந்து

சந்தோஷம் தாங்காமல் ஓசூருக்குப் போன் போட்டேன்.

"மச்சான், ஸ்டெல்லாவ ஜெயிச்சிட்டேன்."

"யாரு, நீங்களா?" ஆல்பர்ட் சிரித்த சிரிப்பில் கொஞ்சம் மரியாதைக் குறைவு இருந்தது. "அவ பக்கத்துலேருந்து ஒருவாட்டி திருப்பிப் போட்டுப் பாருங்க மாப்ள. ஆட்டம் முடிஞ்சிட்டா பூட்டு தொறந்துக்கும். அதுல கத்துக்கற மாதிரி வேற எதுலயும் கத்துக்க முடியாது. உங்க பக்கத்துலேருந்து பாத்தா நீங்க எப்பவுமே புத்திசாலியாத்தான் தெரிவீங்க."

புளிசாதத் தட்டோடு உட்கார்ந்து திருப்பிப் போட்டேன். இப்போது மூட்டம் இல்லை. அவள் கண்ணால் என் படையைப் பார்க்கிறேன்.

நாலாவது முறையில் அவளுடைய மெஷின்கன் குழு ஒன்று அந்த மேட்டின் மேல் ஏறியது. நான் காலி என்று நினைத்திருந்த மேடு. அங்கிருந்து சாலை முழுதும், மேம்பாலத்திலிருந்து பார்த்த மாதிரி, ஒரு மறைப்பும் இல்லாமல் தெரிந்தது. ஐந்தாவது முறையில் என் ஆட்கள் வரிசையாகச் சாலையைத் தாண்டினார்கள். துப்பாக்கி சுடவில்லை. ஏழாவதில் திரும்ப வந்தார்கள். சுடவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தேன். மொத்தம் பதினோரு தடவை நான் அதன் எதிரே நடந்திருக்கிறேன். ஒரு தடவை போதும், என் ஆட்டம் முடிந்திருக்கும்.

ஏதோ கோளாறு என்று அந்தக் குழுவைத் தொட்டுப் பார்த்தேன். எதிரி கண்ணில் பட்டால் தானாகச் சுடுகிற தூரத்தை நாமே வைக்கலாம். மேட்டில் ஏறிய அன்று பத்துக் கட்டம் என்று இருந்ததை அவள் மாற்றியிருந்தாள். சுடும் தூரம்: பூஜ்யம்.

நாலாவது முறை என்றைக்கு என்று யோசித்தேன். நான் ஹாட்பாக்ஸைத் திறக்காமல் படுத்ததற்கு மறுநாள்.

பதினேழு முறை அந்தத் துப்பாக்கி அங்கேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அவள் சொன்ன வேலை இதுதான் போலிருக்கிறது. புளிசாதம் ஆறிப்போய்விட்டது. முழுதும் சாப்பிட்டேன். ஒரு பருக்கை விடவில்லை.

என் லெட்டர்

மறுநாள் வெள்ளிக்கிழமை. கேன்டீனில் ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து "மதிப்பிற்குரிய ஐயா" என்று எழுதினேன். அடுத்த வரி வரவில்லை. அரை மணி நேர லஞ்சில் இருபது நிமிஷம் போய்விட்டது. ஒன்பதாம் வகுப்பு அப்படியே வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது.

சட்டைப் பையில் ஒரு காலி ஹேண்ட்ஓவர் ஷீட் இருந்தது. ஆறு வருஷமாகத் தினம் நிரப்புகிறேன், ஒரு நாளும் அதற்கு யோசித்ததில்லை. அதை மடிப்புப் பிரித்து, கட்டம் கட்டமாக நிரப்பினேன். ஷிப்ட் முடிந்ததும், யோசிக்க நேரம் கொடுக்காமல் நேராகக் கேபினுக்குள் போய் நீட்டினேன்.

லோகநாதன் சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இன்னாய்யா, மெஷின் எதுனா நின்னுச்சா?"

"இல்ல சார். வீட்டு விஷயம்."

சத்தமாகவே படித்தார். "பிரச்சினை: ஏ பேட்ச் வீட்டுக்கு வரும்போது பி பேட்ச் கிளம்பிவிடுகிறது. எவ்வளவு நாளாக: பதினாலு மாதம். காரணம்: கேட்கப் பயம். தற்காலிக நடவடிக்கை: கீபோர்டுக்கு அடியில் காகிதம். நிரந்தர நடவடிக்கை: அடுத்த பேட்சுக்கு மாற்றம். தங்கள் கையில்."

படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையில் இருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தேன்.

"பதினாலு மாசமா இன்னாய்யா பண்ணிகினு இருந்த?"

"யோசிச்சிக்கிட்டு இருந்தேன் சார்."

"எத?"

"நீங்க காரணம் கேட்டா என்ன சொல்லதுன்னு."

"நான் எங்கய்யா கேட்டேன்?" அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். "அந்த பேட்ச்ல ஒருத்தன் இங்க வரணும்னு எழுதிக் குடுத்துட்டு எப்பலேருந்தோ காத்துனு கீறான். மாத்திக்க ஆளில்லன்னு நானே ரெண்டுவாட்டி திருப்பி அனுப்பிட்டேன். ஒண்ணாந்தேதிலேருந்து நீ அங்க, அவன் இங்க. போ, பஸ்ஸு போயிடப் போது."

கதவுவரை போனவனைத் திரும்பக் கூப்பிட்டார். போச்சு, மனசு மாறிவிட்டார் என்று காதெல்லாம் சுட்டது.

"அது இன்னாய்யா கீபோர்டுக்கு அடில காகிதம்?"

"அது பெரிய கதை சார்."

பஸ் போய்விட்டது. ஷேர் ஆட்டோவில் வந்தேன். மூன்றரை மணி. கடுகு வாசனை, ஈரத் துண்டு, ஒற்றைத் தட்டு. திரையில் அவள் புது ஆட்டம் ஒன்றைத் தொடங்கி வைத்திருந்தாள். என் ஆறு குழுவும் நாலு வீட்டுக்குள். கை தானாக மவுஸுக்குப் போனது. பிடித்து நிறுத்தினேன். ஒருவனையும் தொடாமல் 'எண்ட் டர்ன்' அழுத்தினேன். படபடப்பு வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

காகிதத்தில் எழுதினேன்: "இன்று என் படையில் யாரும் நகரவில்லை. நான்தான் நகர்ந்தேன். ஒண்ணாம் தேதியிலிருந்து உன் பேட்ச். திங்கட்கிழமை நீ யாரையும் கேட்க வேண்டாம். மேட்டைப் பார்த்துவிட்டேன்."

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கதவைத் திறந்தபோது ஷூவைக் கழற்றாமல் ஓடினேன். அவள் எழுத்து அன்று வழக்கத்தைவிட அதிகமாகச் சாய்ந்திருந்தது.

"ஆல்பர்ட்டு வாய் சும்மா இருக்காதுன்னு தெரியும். நீ தோத்தா ரெண்டு நாள் சாப்ட மாட்ட, அதுக்கு லெட்டர நானே குடுத்துடலாம்னு பாத்தேன். இப்ப நீயே குடுத்துட்ட. அதனால மேட்டு மேல துப்பாக்கி பத்துக் கட்டம் திருப்பி வெச்சிட்டேன். ரோட்ட பாத்து தாண்டு."

அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு ஆட்டம்கூட நான் ஜெயித்ததில்லை. தோற்றுவிட்டு, இரண்டு தட்டு வைத்து இருவரும் சாப்பிட உட்காருகிறோம்.